ஏழு மணி நேரத்தில் வந்த தம்பி

"மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்," என்றான் ரேடியோ, கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு. "உங்க தம்பி வந்தது ஃப்ளைட்லயா, பீரங்கியிலயா?"

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. ஊசி மேடம் திரும்பிப் பார்த்த பார்வையில் ரேடியோ கால்குலேட்டரை டிராயருக்குள் போட்டு மூடினான்.

ஊசி மேடத்துக்கு அந்தப் பெயரை வைத்தது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். பத்தொன்பது வருஷம் அங்கே விசாரணை அதிகாரி. காலில் தைத்த முள்ளை எடுப்பது போல, எதிராளிக்கு அதிகம் வலிக்காமல் பொய்யை வெளியே எடுத்துவிடுவார். ஐம்பத்து மூன்று வயதில் வேலையை உதறிவிட்டு, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அசிஸ்டென்ட்டாக வந்தவன் ரேடியோ. முப்பது வயது. அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் முடிய அரை நாள் ஆகும்.

"அவன் கிடக்கிறான். நீங்க முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் ஊசி.

வந்திருந்த பெண் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறவர். நாற்பது வயது இருக்கும். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"எங்க அப்பா போய் நாப்பத்தோரு நாளாச்சு மேடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலைல வெளிய போனவர் எங்கயோ படியில விழுந்துட்டார். யாரோ டாக்ஸியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்காங்க. ரெஜிஸ்டர்ல 'கொண்டு வந்தவர் வழிப்போக்கர்'னு எழுதியிருக்கு. பேர் இல்ல, நம்பர் இல்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு போன் வந்தது. நான் ஓடிப் போய்ப் பாத்துட்டு, பதினொண்ணு பத்துக்குத் தம்பிக்கு போன் பண்ணினேன். 'அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே கெளம்பி வாடா'ன்னேன். அப்பா நாலரை மணிக்குப் போயிட்டார். ஆறு பத்துக்குத் தம்பி வந்து நின்னான்."

"தம்பி எங்க இருக்கார்?"

"பதினோராயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி. ஆறு வருஷமா அங்கதான். ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக்."

"நேர் ஃப்ளைட் எவ்வளவு நேரம்?"

"இங்கேர்ந்து போக பதினஞ்சு மணி நேரம். அங்கேர்ந்து வர பதினாலு. வரும்போது காத்து பின்னாலேர்ந்து தள்ளுமாம், அதனால ஒரு மணி நேரம் மிச்சம். இதெல்லாம் எனக்கு முந்தாநாள்தான் மேடம் தெரியும். என் பொண்ணு நாலாவது படிக்கிறா. தூரமா இருக்கிற ஒரு ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரப் பயணம்னு எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. மாமா ஊரையே எழுதலாம்னு பாத்துச் சொன்னேன். அவ எழுதி முடிச்சிட்டு நிமிர்ந்து கேட்டா. 'அப்போ மாமா எப்படிம்மா அன்னிக்கு சாயங்காலமே வந்தாரு?'"

ஊசி மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு உங்களுக்கு உறைக்கலையா?"

"அப்பா செத்துக் கிடக்கும்போது யாரு மேடம் கணக்குப் பாப்பாங்க? தம்பி வந்துட்டான்னு கட்டிப் புடிச்சு அழுதேன். சொந்தக்காரங்களும் 'நல்லவேளை வந்துட்டானே'ன்னுதான் சொன்னாங்க. பெட்டி ஏர்போர்ட்லயே தங்கிடுச்சுன்னு மறுநாள் போய் எடுத்துட்டு வந்தான். ஒரு வாரம் எங்க வீட்டுல இருந்தான். லீவு முடிஞ்சுதுன்னு கெளம்பிட்டான். நேத்து போன்ல சாதாரணமா கேக்குற மாதிரி கேட்டேன், 'ஃப்ளைட்ல எத்தனை மணி நேரம்டா ஆகும்?'னு. 'பதினாலு மணி நேரம்க்கா'ன்னான். குரல்ல ஒரு தடுமாத்தம் இல்ல." அவர் குரல்தான் தடுமாறியது. "அப்பா விழுந்தப்போ அவன் இந்த ஊர்லதான் இருந்திருக்கான். எங்கிட்ட மறைச்சிருக்கான். எங்க அப்பாவ என் தம்பி தள்ளிவிட்டானான்னு எனக்குத் தெரியணும் மேடம்."

ஊசி மேடம் உடனே ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. "அந்த ஒரு வாரத்துல எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார்.

செல்போனில் ஒன்றே ஒன்று இருந்தது. லேப்காரம்மாவின் மகள், மாமாவின் சூட்கேஸ் மேல் குதிரை ஏறுவது போல உட்கார்ந்திருந்தாள். ஊசி அதை விரலால் பெரிதாக்கினார். பெட்டியின் கைப்பிடியில் விமானக் கம்பெனி ஒட்டும் நீளமான டேக் சுற்றியிருந்தது.

"ரேடியோ, உனக்குக் கண்ணு நல்லா தெரியும். தேதிய படி."

"மார்ச் பதினாலு." அவன் இன்னொரு முறை பார்த்தான். "அப்பா தவறினது ஆகஸ்ட்லதானே? பழைய டேக்க பிச்சுப் போட மறந்துட்டார் போல."

"டேக்க பிச்சுப் போட மறக்கல, பத்திரப்படுத்தி வச்சிருக்கார். இப்பதான் இறங்கி வந்த மாதிரி காட்டணுமே! அந்தப் பெட்டி கடைசியா ஃப்ளைட்ல வந்தது ஒரு மார்ச் மாசம். எந்த மார்ச்சுனுதான் தெரியல." ஊசி லேப்காரம்மா பக்கம் திரும்பினார். "அப்பா செவ்வாய்க்கிழமை எங்க போனார்?"

"பழைய ஃப்ரெண்ட்ஸ பாக்கப் போறேன்னு சொல்வார். வாரா வாரம் போவார். அப்பா ஏர்போர்ட்ல பெட்டி ஏத்துற வேலை பாத்தவர் மேடம். முப்பத்திரெண்டு வருஷம். ஃப்ளைட்டுக்கு அடியில நின்னே வயசாயிட்டார், ஒரு தடவை கூட உள்ள ஏறினதில்ல." கைப்பையைத் திறந்து ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "அன்னிக்கு அவர் பாக்கெட்ல இருந்தது இது."

ஊசி கூட்டைத் திறந்தார். கண்ணாடிக்குக் கீழே பஸ் டிக்கெட்டுகள் மடித்து மடித்து அடைத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாம் செவ்வாய்க்கிழமை. எல்லாம் ஒரே ஸ்டாப்புக்கு. வாட்டர் டேங்க்.

"நண்பர்கள்னா ஆளுக்கொரு திசையில இருப்பாங்க," என்றார் ஊசி. "இவருக்கு மட்டும் எல்லாரும் ஒரே ஸ்டாப்லயா? வண்டிய எடு ரேடியோ."

"நானும் வர்றேன்," என்று லேப்காரம்மா எழுந்தார்.

"வாங்க. ஆனா நான் கூப்பிடற வரைக்கும் வண்டிய விட்டு இறங்கக் கூடாது."

வாட்டர் டேங்க் ஸ்டாப் ஊரின் மறுகோடியில், பட்டறைகளும் குளிர்பதனக் கிடங்குகளும் இருக்கும் பக்கம். காரை டேங்க் நிழலில் நிறுத்திவிட்டு இருவரும் இறங்கி நடந்தார்கள்.

"இந்த ஸ்டாப்புல இறங்கினா நூறு வீடு இருக்கு மேடம். எந்த வீட்டுக் கதவ தட்டுறது?"

"எழுபது வயசு ஆளு பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்து வந்து இறங்கறார். முதல்ல என்ன தேடுவார்?"

"பாத்ரூம்."

"அடுத்து?"

"டீ."

ஸ்டாப்பிலிருந்து நாலாவது கடை டீக்கடை. வாசலில் ஒரு பெஞ்ச். பெஞ்சுக்கு நேர் எதிரே மூன்று மாடிக் கட்டடம், அதன் வெளிச் சுவரை ஒட்டி மேலே ஏறும் சிமென்ட் படிகள். கைப்பிடி கிடையாது. ஊசி அந்தப் படிகளைப் பார்த்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தார். செல்போனில் பெரியவரின் போட்டோவை டீ மாஸ்டரிடம் காட்டினார்.

டீ மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஐயா! எப்படி இருக்கார்? தலைக் காயம் ஆறிடுச்சா? வருவார் வருவார்னு பாக்கறேன், ஆளையே காணோம்."

ரேடியோ வாயைத் திறந்தான். ஊசி அவன் காலை மிதித்தார்.

"அவர் திரும்பி வருவார்னு யார் சொன்னாங்க?"

"மேல் வீட்டுத் தம்பிதான். அவன்தானே அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். 'வீட்டுக்குப் போயிட்டாருண்ணே'ன்னான். அதுக்கப்புறம் அவனும் கடைப் பக்கம் வர்றதில்ல."

"மேல் வீட்டுத் தம்பின்னா?"

"ஏசி ரிப்பேர் பாக்கறவன். ரெண்டாவது மாடி. ரெண்டரை வருஷமா இருக்கான்." டீ மாஸ்டர் அப்போதுதான் இவர்கள் யாரோ என்று யோசித்தார். "நீங்க?"

"ஐயாவோட பொண்ணுக்கு வேண்டியவங்க. ஐயா இங்க என்ன செய்வார்?"

"ஒண்ணும் செய்ய மாட்டார். ஒம்பது மணிக்கு வந்து இதே பெஞ்சுல, நீங்க உக்காந்திருக்கிற அதே இடத்துல உக்காருவார். ஒரு டீ. ஒம்பதரைக்கு அந்தத் தம்பி படியிறங்கி வேலைக்குப் போவான். அவன் தலை தெரிஞ்சதும் பேப்பரை முகத்துக்கு நேரா புடிச்சுக்குவார். அவன் தெரு முனை திரும்பற வரைக்கும் ஓரமா பாத்துட்டே இருப்பார். அப்புறம் எந்திரிச்சு பஸ் ஏறிடுவார். ரெண்டு வருஷத்துக்கு மேல இதேதான். ஒரு நாள் நான் விடல. 'யாருய்யா அது?'ன்னு புடிச்சுக்கிட்டேன். 'என் பையன்'னார்."

ரேடியோவின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

"பையன்தான்னா மேல ஏறிப் போறதுதானேன்னேன். 'அவன் வெளிநாட்டுல இருக்கிறதா எங்கிட்ட சொல்லியிருக்கான்'னார். எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?"

"பையன் ஊருக்கு வர்றான்னு சொன்னானாம். சொல்லாம போய் நின்னு கூட்டிட்டு வரலாம்னு ஐயா ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கார். பாத்தா ஃப்ளைட் அஞ்சு மணி நேரம் லேட்னு போர்டு. சரி, வீட்டுக்குப் போயிட்டு அப்புறம் வரலாம்னு திரும்பினா, பையன் பெட்டியோட வீட்டுல உக்காந்திருக்கான். 'ஃப்ளைட் கரெக்ட் டைம்பா, பதினாலு மணி நேரம், நல்ல தூக்கம்'னானாம். ஃப்ளைட் இன்னும் வானத்துல இருக்கு, பையன் வீட்டுல இருக்கான்." டீ மாஸ்டர் துணியால் மேஜையைத் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "'களைப்பா இருப்பே, படுப்பா'ன்னு மட்டும் சொன்னாராம். பத்து நாள் கழிச்சு அவன் ஏர்போர்ட்டுக்குன்னு டாக்ஸி ஏறினப்போ, இவர் பின்னாடியே இன்னொரு டாக்ஸி புடிச்சிருக்கார். முன்னால போன வண்டி ஏர்போர்ட் ரோட்டுல திரும்பல. இங்க வந்து நின்னுது."

"ஏன் கேக்கல அவன்கிட்ட?"

"நானும் அதேதாம்மா கேட்டேன். 'கேட்டா அவன் தலைய குனிஞ்சுக்குவான். என் முன்னாடி அவன் தலை குனிஞ்சு நான் பாத்ததில்ல, பாக்கவும் வேண்டாம். அவனா சொல்லட்டும்'னார். அவன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டார்."

"அந்தக் கடைசி செவ்வாய்க்கிழமை?"

"அன்னிக்குக் கையில ஒரு மருந்துக் கடை கவர் இருந்தது. ஒம்பதரை ஆச்சு, தம்பி இறங்கி வரல. பத்தாச்சு. ஐயாவுக்கு இருப்புக் கொள்ளல. 'ஞாயித்துக்கிழமை போன்ல இருமிக்கிட்டே இருந்தான், கதவுல மாட்டிட்டு வந்துடறேன்'னு எந்திரிச்சு ஏறினார். திரும்பி இறங்கும்போது கால் தவறிடுச்சு. நான் அடுப்ப விட்டு ஓடறதுக்குள்ள சத்தம் கேட்டு அந்தத் தம்பியே ஓடி வந்துட்டான். அப்பாவ அப்படியே ரெண்டு கையிலயும் வாரித் தூக்கிட்டு வந்தான்."

ரேடியோ கிளாஸை வைத்துவிட்டு டேங்க் பக்கம் பார்த்தான். "தள்ளலை மேடம்," என்றான் மெதுவாக. "கார்ல இருக்கிற அக்காகிட்ட போய்ச் சொல்லிடவா?"

"பாதி தெரிஞ்சத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. தூக்கிட்டுப் போனவன் ஏன் 'வழிப்போக்கர்'னு எழுதினான்? ஏழு மணி நேரம் எங்க இருந்தான்? மேல வா."

இரண்டாவது மாடியில் ஒரே ஒரு கதவு. ஊசி தட்டியதும் திறந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வேலை உடுப்பில் இருந்தான். தாடி. ஊசி, "உங்க அக்கா அனுப்பினாங்க," என்றதும் கதவைப் பிடித்திருந்த கை நழுவியது. எந்த அக்கா என்றோ எந்த ஊர் என்றோ அவன் கேட்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டான்.

ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். ஒரு பக்கச் சுவரில் மட்டும் நல்ல திரை ஒன்று தொங்கியது. வீடியோவில் பேசும்போது முதுகுக்குப் பின்னால் தெரிவதற்காக. அலமாரியில் சீல் உடைக்காத இருமல் மருந்து.

"கம்பெனிய மூடிட்டாங்க," என்றான் அவன், யாரும் கேட்காமலே. "வேற வேலை கிடைக்கல, விசா முடிஞ்சுது. வந்து இறங்கினேன். நேரா வீட்டுக்குப் போயிருக்கணும். நான் முதல்ல கெளம்பினப்போ, என் பெட்டிய அப்பா வேற யாரையும் தொட விடல மேடம். அவரே ஃப்ளைட்ல ஏத்தினார். கூட வேலை பாத்தவங்க எல்லார்கிட்டயும் 'இது என் பையன் பெட்டி'ன்னு சொல்லிச் சொல்லி ஏத்தினாராம். அதே பெட்டியோட எப்படிப் போய் நிக்கிறது? ஒரு வாரம் ரூம் எடுத்துத் தங்கி, வேலை தேடிட்டுச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். வாரம் மாசமாச்சு. அப்புறம் சொல்ற வழியே அடைஞ்சு போச்சு."

"அன்னிக்கு என்ன நடந்தது?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "சத்தம் கேட்டுக் கதவத் தொறந்தா படியில அப்பா. தலையில ரத்தம். எப்படி இங்க வந்தார்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தூக்கினப்போ என்னப் பாத்து, 'எப்பப்பா வந்தே? ஃப்ளைட் லேட்டா?'ன்னு கேட்டார். அடிபட்டதுல புத்தி கலங்கிடுச்சுன்னு நெனச்சேன். நான் 'இல்லப்பா, கரெக்ட் டைம்'னேன். அப்பவும் மேடம். ரத்தம் என் சட்டையில ஊறிட்டிருக்கு, அப்பவும் பொய்தான் சொன்னேன்."

ஊசி மேடம் ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்தார். இதைச் சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பார். அவர் அப்படி யோசித்தது ரேடியோவுக்குத் தெரிந்து இதுவே முதல் தடவை.

"அவருக்குப் புத்தி கலங்கல தம்பி. அவருக்கு எல்லாம் தெரியும்."

பெஞ்சு, பேப்பர், செவ்வாய்க்கிழமை, அஞ்சு மணி நேரம் லேட்டான ஃப்ளைட். ஊசி நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். கீழே டீக்கடையின் பெஞ்ச் தெரிந்தது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவன் நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில ஏன் பேரு கொடுக்கல?" என்றார் ஊசி.

"அக்கா வருவா. நான் எப்படி அங்கன்னு கேப்பா. அப்பா பொழச்சிடுவார்னுதான் டாக்டர் சொன்னார் மேடம். வெளிய வந்து, பக்கத்துக் கடையில வேற சட்டை வாங்கி மாத்திக்கிட்டு நின்னேன். அக்கா போன் பண்ணினா, 'உடனே கெளம்பி வா'ன்னு. நான் ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ளதான் நின்னுட்டிருந்தேன். 'கெளம்பறேன்க்கா'ன்னேன். ஏர்போர்ட் போக, டிக்கெட் எடுக்க, பதினாலு மணி நேரம் பறக்க... மறுநாள் காலைல உள்ள போனா கணக்கு சரியா வரும்னு நின்னேன். அப்பா இருக்கிற இடத்துக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு மாடிதான். ஆறு மணிக்கு அக்கா தனியா வெளிய வந்தா. வாசப்படியில உக்காந்து, வாயில துணிய வச்சுக்கிட்டு அழுதா. அதுக்கு மேல என்னால நிக்க முடியல. அவகிட்ட போயிட்டேன். அப்பதான் தெரிஞ்சுது, அப்பா போய் ஒண்ணரை மணி நேரம் ஆச்சுன்னு."

"டேய்."

வாசலில் லேப்காரம்மா நின்றிருந்தார். காரில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்? எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாமே கேட்டிருந்தது போல் இருந்தது.

தம்பி சுவரோடு ஒட்டி நின்றான். அடிக்கட்டும் என்று காத்திருப்பவன் போல.

அக்கா உள்ளே வந்தார். அடிக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நாலு மணிக்கு அப்பாவுக்கு நினைவு வந்துது," என்றார். "என் கையப் புடிச்சிட்டு, 'வெளிய யாராவது நிக்கிறாங்களா பாரும்மா'ன்னார். பிதற்றுறார்னு நெனச்சேன். 'யாரும் இல்லப்பா, தூங்குங்க'ன்னேன். மறுபடியும், 'எட்டிப் பாரேன்'னார். ஜன்னல் எனக்குப் பக்கத்துலயே இருந்துதுடா. நான் எந்திரிக்கக்கூட இல்ல. பாக்காமலே 'யாரும் இல்ல'ன்னுட்டேன்."

தம்பி மெல்லக் கேட்டான். "எந்த ஜன்னல்க்கா?"

"ரெண்டாவது மாடி. பார்க்கிங் பக்கம். பச்சைத் திரை போட்டது."

அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"அந்தத் திரையதான் பாத்துட்டு நின்னேன்," என்றான். "அதுக்கு நேர் கீழ."

ஊசி மேடம் எழுந்தார். ரேடியோவின் தோளைத் தொட்டார். இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்தும்போது கடைசியாகக் கேட்டது அக்காவின் குரல்தான். கட்டிலை விட்டு இறங்கி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்:

"அவ்வளவு நேரமும் வெயில்லயாடா நின்னே?"